பார்க்கத் தகுந்த ஊர்

காஸ்த்ரோவேரா
10 மார்ச் 1968

அன்புத் தம்பி லெயாந்த்ரோ,

இது உன் கைக்கு வரும்போது உன் இருமல் விட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே எனக்கும் உன் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணன் கிரினோவுக்குத்தான் பனியில் விரல்கள் வெடித்திருந்தன. பன்றிக் கொழுப்பைத் தடவி ஆற்றிவிட்டேன்.

ஒரு செய்தி. இந்த மாகாணத்திலேயே அழகான ஊர் எது என்று ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். ஜெயிக்கிற ஊருக்குத் தார்ச்சாலை. அதோடு "பார்க்கத் தகுந்த ஊர்கள்" என்று அச்சடிக்கப்போகும் கையேட்டில் முதல் படம். உன் அத்தான் எவேலியோ ஊர்த்தலைவர் ஆனதிலிருந்து தூங்காமல் கிடந்தவர், இப்போது இதற்காகத் தூங்காமல் கிடக்கிறார். சிரிக்காதே. இந்தக் குளிர்காலத்தில் ஊரில் பத்தொன்பது புகைபோக்கிகளில்தான் புகை வந்தது. பள்ளியில் ஏழு பிள்ளைகள். இன்னும் இரண்டு குடும்பம் பில்பாவோவுக்குப் போனால் வாத்தியாரை அனுப்ப மாட்டார்களாம். சாலை வந்தால் மனிதர்கள் வருவார்கள். நம் விடுதியின் நான்கு அறைகளிலும் விளக்கு எரியும்.

கோட்டைச் சுவரைப் பிடித்திருந்த முட்செடிகளை வெட்டியாயிற்று. கோயில் வளைவுகளில் இருந்த கூடுகளை எடுத்தாயிற்று. மணிக்கூண்டின் மேலே இருக்கும் நாரைக் கூட்டைத் தொடக்கூடாது என்று பங்குச் சாமியார் தோன் அபுந்தியோ சொல்லிவிட்டார். சாணக்குவியல்கள் எல்லாம் மதிலுக்கு வெளியே போகின்றன. காசில்தாவைத் தெரியுமே, வாய் சும்மா இருக்காது. நேற்று ஊற்றடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிறீங்களே பசிலிசா, உங்க அண்ணனுக்கு எதைப் பூசப்போறீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தான்.

அவன் வழக்கம்போலச் சதுக்கத்தில் வளைவுக்கடியில் உட்கார்ந்திருக்கிறான். வருகிற வண்டிக்கெல்லாம் கை தட்டுகிறான். இறங்குகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். "லெயாந்த்ரோ எப்ப வர்றான்?" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறான். கீழே பென்சிலில் இருப்பது அவன் கையெழுத்து, அதே வட்டம்.

உன் நலத்துக்காக மெழுகுவத்தி ஏற்றும் அக்கா,
பசிலிசா


ஹனோவர்
31 மார்ச் 1968

அன்புள்ள அக்கா,

நீங்கள் மூவரும் சுகம் என்று படித்தேன், மனம் ஆறியது. இருமல் போய்விட்டது. டயர் தொழிற்சாலையின் புகை மட்டும் சட்டையைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

போட்டியைப் பற்றி என் அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் காதிஸ்காரன், கடற்கரையில் பிறந்த திமிர். "உங்க ஊர்ல என்னய்யா இருக்கு? கல்லும் குளிரும்தானே?" என்றான். "அந்தக் கல்லைப் பாக்கத்தான்யா வரப்போறாங்க, குளிரை இனாமாத் தர்றோம்" என்றேன். அத்தானிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

உங்களிடம் மட்டும் ஒன்று. தோசிந்தா என்று ஒரு பெண். கலீசியாக்காரி, இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அடுத்த வசந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். நம் வீட்டைப் பற்றிக் கேட்டாள். அக்கா விடுதி நடத்துகிறாள், அத்தான் ஊர்த்தலைவர் என்று சொன்னேன். மற்றதெல்லாம் நேரில் தெரிந்துகொள்வாள்.

அதனால் இந்தக் கோடையில் வர முடியாது. வீடு தேட வேண்டும். அண்ணனிடம் அடுத்த வருஷம் என்று சொல்லுங்கள். சொன்னால் நம்புவான்.

உங்கள் கையின் பூண்டு சூப்பை நினைத்துக்கொண்டே உறங்கப்போகும் தம்பி,
லெயாந்த்ரோ


காஸ்த்ரோவேரா
26 மே 1968

அன்புத் தம்பி,

எல்லாரும் சுகம், உனக்கும் அப்படியே அமைய வேண்டும். தோசிந்தாவுக்கு என் முத்தத்தைச் சொல். கலீசியாக்காரிகள் கெட்டிக்காரிகள், உன்னைக் கட்டி மேய்ப்பாள்.

ஜூன் பதினான்காம் தேதி நடுவர்கள் வருகிறார்கள். ஒரு கட்டடக்கலைஞர், ஒரு பத்திரிகைக்காரர், சுற்றுலாத் துறையிலிருந்து ஒரு அம்மாள். ஊரே பித்துப்பிடித்து அலைகிறது. வீட்டுக்கு ஆறு ஜெரேனியப் பூந்தொட்டி வைக்க வேண்டும் என்று உன் அத்தான் உத்தரவு போட்டார். காசில்தா இரண்டுதான் வைத்தாள். கேட்டால், "எனக்கு ஜன்னலே ரெண்டுதான், மீதியை உங்க தலையில வச்சுக்கவா?" என்கிறாள்.

போன வாரம் முன்கூட்டியே படமெடுக்க மாகாணத்திலிருந்து ஒருவர் வந்தார். சதுக்கத்தின் நடுவில் கருவியை நிறுத்தி, வளைவுகளைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்த ஆளைக் கொஞ்சம் நகர்த்துங்கம்மா, படம் கெட்டுப்போகுது" என்றார். நகர்த்தினேன். படம் நன்றாக வந்திருப்பதாகக் கேள்வி.

அது ஒன்றும் பெரிதில்லை. எழுத வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, எழுதிவிட்டேன். அண்ணனின் வட்டம் கீழே.

உன்னை எப்போதும் நினைக்கும் அக்கா,
பசிலிசா


காஸ்த்ரோவேரா
23 ஜூன் 1968

அன்புத் தம்பி,

நலம். உன் நலமறிய ஆவல். எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை, அத்தனை விஷயம் இருக்கிறது.

நடுவர்கள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். தெருவெல்லாம் தண்ணீர் தெளித்து, பெண்கள் எல்லாரும் கறுப்பு மேலாடையில் நின்றோம். கட்டடக்கலைஞர் கோயில் வளைவுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு தூணின் தலையில் குரங்கு செதுக்கியிருக்கிறதே, அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். மதியம் ஆட்டுக்குட்டி வறுவல் செய்தேன். எலும்பைக்கூட விடவில்லை. போகிற நேரத்தில் அந்த அம்மாள், கோட்டையில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லாரையும் தங்கவைத்துவிட்டார். நம் விடுதியில்! மூன்று அறைகளில் விளக்கு எரிந்தது, லெயாந்த்ரோ.

மறுநாள் புறப்படும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்ல ஒரு குறைகூட என் கண்ணுல படலையே" என்றார்.

உன் அத்தான் அழுதேவிட்டார்.

அண்ணன் நலம். அன்று அவன் ஊரில் இல்லை. உர்சினோ தானிய லாரியில் வால்தெல்சா ரயில் நிலையம் வரை போனான், இவனும் கூடப் போனான். லாரி என்றால் அவனுக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியுமே.

முடிவு ஆகஸ்டில். கீழே அவன் வட்டம்.

அக்கா,
பசிலிசா


ஹனோவர்
21 ஜூலை 1968

அன்புள்ள அக்கா,

சுகம். அங்கேயும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நடுவர்கள் வந்ததைப் பற்றி இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம். அத்தானுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். எங்கே படுக்கிறான்? நேற்று என்ன சாப்பிட்டான்? லாரியில் போய்வந்ததைப் பற்றி என்ன சொன்னான்? அவன் போடும் வட்டம் ஒரு நாளும் கூடினதில்லை, எப்போதும் ஓரத்தில் வாய் திறந்தே இருக்கும். போன கடிதத்தில் மூடியிருந்தது.

இங்கே மழை. வேறு விசேஷம் இல்லை.

தம்பி,
லெயாந்த்ரோ


காஸ்த்ரோவேரா
11 ஆகஸ்ட் 1968

அன்புத் தம்பி,

உன் கடிதம் சின்னதாக இருந்தது. வேலை அதிகமோ? உடம்பைப் பார்த்துக்கொள்.

நமக்குத்தான் பரிசு! நேற்று தந்தி வந்தது. தோன் அபுந்தியோ சாமி மணியை அடித்த அடியில் நாரைகள் பறந்தே போய்விட்டன. செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி கவர்னர் நேரில் வந்து கல்வெட்டைத் திறக்கிறார். ஊர் வாசலில், வலது பக்கம் பதிக்கிறார்கள்.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறான். அறுவடைக்காலம் அல்லவா, களத்திலேயே வைக்கோலில் படுத்துக்கொள்கிறான். நேற்றுப் பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டான். லாரியைப் பற்றி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. வட்டம் மூடியிருந்ததற்குக் காரணம் பென்சில் புதிது.

விழாவுக்கென்று நீ சிரமப்பட்டு வர வேண்டாம். லீவு எடுத்தால் வீடு தேடுவது கெட்டுப்போகும்.

அக்கா,
பசிலிசா


காஸ்த்ரோவேரா
25 செப்டம்பர் 1968

அன்புத் தம்பி,

நாங்கள் இருக்கிறோம். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் தோசிந்தாவையாவது எழுதச் சொல்.

விழா நடந்தது. கவர்னர் வந்தார். வாத்திய கோஷ்டி வந்தது. பேச்சுகள் நடந்தன. உன் அத்தான் சதுக்கத்தில் வளைவுக்கடியில் நின்று பேசினார். அந்த இடத்தில்தான் மேடை போட்டிருந்தார்கள், நிழல் இருக்கும் என்று. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கை தட்ட வேண்டிய இடத்தில் எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஹனோவர்
6 அக்டோபர் 1968

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

"திட்டியாவது எழுது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் திட்டுவதற்கு ஏதோ இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. ஜூலை எட்டாம் தேதி எனக்கு வந்த கடிதத்தை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"மதிப்புக்குரிய ஐயா, மாகாணத் தலைநகரில் ஆற்றோரம் துறவறச் சகோதரிகள் நடத்தும் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து எழுதுகிறேன். ஜூன் பதினைந்தாம் தேதி, பயணச்சீட்டில்லாமல் ரயிலில் வந்த ஒருவரைக் காவலர்கள் எங்களிடம் ஒப்படைத்தார்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும். பெயர் கிரினோ என்கிறார். ஊர் எது என்று கேட்டால் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறார். அவர் கோட்டுப் பையில் ஒரு கடித உறையின் கிழிந்த பின்பகுதி இருந்தது, அதில் தங்கள் பெயரும் விலாசமும் இருந்தன. தங்களுக்கு இவர் உறவா? நல்ல மனிதர். யாருக்கும் தொந்தரவு இல்லை. வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் பயப்படுகிறார். பதிலை எதிர்பார்க்கும், சகோதரி அம்பாரோ."

இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜூலையில் உங்களிடம் அண்ணன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். நீங்கள் பருப்பு என்றீர்கள்.

அந்தப் பருப்பைப் பற்றி எழுத ஒரு மாதமாகக் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். எழுத முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சகோதரிக்கு நானும் பதில் போடவில்லை. "ஆமாம், என் அண்ணன்" என்று இரண்டு வார்த்தை. ஒரு தபால்தலை. மூன்று மாதம் அந்தக் கடிதம் தொழிற்சாலையில் என் பெட்டிக்குள், பூட்ஸுக்கு அடியில் கிடந்தது. பதில் போட்டால் நான் போக வேண்டியிருக்கும், போனால் அவனை என்னோடு கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். நீங்கள் போய் அழைத்துவந்துவிட்டால் எனக்குத் தெரியாததுபோலவே இருந்துவிடலாம் என்று காத்திருந்தேன். உங்களைச் சோதித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளிந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தோசிந்தாவிடமும் மறைத்திருந்தேன். எனக்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்றே அவளுக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அவரு எப்படி இருக்காருன்னு எனக்குப் பயமில்ல. நீ எப்படி இருக்கேன்னுதான் பயமா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரமாக என்னைப் பார்க்க வரவில்லை.

ஜூன் பதினான்காம் தேதி என்ன நடந்தது? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

லெயாந்த்ரோ


காஸ்த்ரோவேரா
20 அக்டோபர் 1968

லெயாந்த்ரோ,

நலம் என்று எழுத எனக்கும் கை வரவில்லை.

உன் அத்தான் மேல் பழி போடாதே. "ஒரே ஒரு நாள்தானே பசிலி, வீட்டுக்குள்ள வச்சுக்க" என்பதுதான் அவர் சொன்னது. வீட்டுக்குள் வைத்தால் கூப்பிடுவான், கதவைத் தட்டுவான், நடுவர்கள் கேட்பார்கள் என்று நினைத்தவள் நான். லாரியில் ஏற்றியவளும் நான்.

அன்று காலையில் அவனைக் குளிக்கவைத்தேன். நீ விட்டுப்போன பழுப்புக் கோட்டைப் போட்டுவிட்டேன். தலை வாரினேன். ரொட்டியும் சோரிசோ இறைச்சியும் துணியில் கட்டிக் கொடுத்தேன். "லெயாந்த்ரோ ரயில்ல வர்றான். நீ போய் நிலையத்துல இருந்து கூட்டிட்டு வா" என்றேன். உன் பெயரைச் சொன்னேன். வேறு எந்தப் பெயருக்கும் அவன் நகர்ந்திருக்க மாட்டான்.

"எந்த வண்டி?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது. வர்ற வண்டியையெல்லாம் பாரு."

சாயங்காலம் உர்சினோ அவனைத் திரும்ப ஏற்றி வர வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவர்கள் தங்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் கொல்லைப்புறமாக ஓடி உர்சினோவைப் பிடித்தேன். "இன்னிக்கு வேண்டாம், நாளைக்குக் கூட்டிட்டு வா" என்றேன். உர்சினோ முரட்டு ஆள், உனக்குத் தெரியும். அவனே கேட்டான்: "ராத்திரி முழுக்கவா? அங்க பெஞ்சு ஒண்ணுதான்மா இருக்கு." "ஜூன் மாசம்தானே" என்றேன். ஜூன் மாசம்தானே! போய் நடுவர்களுக்கு இரவுச் சாப்பாடு பரிமாறினேன்.

மறுநாள் அவன் அங்கே இல்லை. காலை வண்டியில் ஏறிவிட்டான் என்றும், தலைநகரில் சகோதரிகளிடம் சேர்த்திருக்கிறார்கள் என்றும் அதற்கடுத்த நாள் நிலையத்தில் உர்சினோவிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆக, மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். தொலைந்துபோனான் என்று நான் ஒரு நாளும் அழவில்லை. எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

முதலில், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றோம். பிறகு முடிவு வரட்டும் என்றோம், நடுவே யாராவது திரும்பப் பார்க்க வந்துவிட்டால்? முடிவு வந்தது. பிறகு கவர்னர் வந்துபோகட்டும் என்றோம். "அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவாங்க" என்று உன் அத்தான் சொன்னார். "சகோதரிங்க நல்லா பாத்துப்பாங்க" என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னோம். கவர்னர் போய் ஒரு மாதம் ஆகிறது. இப்போது எதற்காகக் காத்திருக்கிறேன் என்றால், அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதற்காகத்தான்.

ஊரில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. காசில்தாகூடக் கேட்பதில்லை. ஊற்றடியில் நான் போனால் பேச்சை நிறுத்தி எனக்கு வழி விடுகிறாள். அவள் பழையபடி வாய்க்கு வந்ததைச் சொன்னால் தேவலை என்றிருக்கிறது.

வட்டங்களை நான்தான் போட்டேன். கூடாமல் விட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக அவன் போடுவதைப் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

பசிலிசா


ஹனோவர்
31 அக்டோபர் 1968

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது, அதனால் எழுத்து இப்படி. மற்றபடி நலம்.

உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஏழு வருஷமாக, "அடுத்த வருஷம்" என்று நான் சொன்னதைத்தான் நீங்கள் எடுத்து உபயோகித்தீர்கள். ஆனால் மன்னிக்கவும் முடியவில்லை. இரண்டும் உண்மை. அப்படியே எழுதுகிறேன்.

சகோதரி அம்பாரோவுக்கு நேற்று எழுதிவிட்டேன். அவன் எங்கள் அண்ணன், எங்கள் ஊர் காஸ்த்ரோவேரா, அக்கா நேரில் வருவாள் என்று எழுதியிருக்கிறேன். போங்கள். உர்சினோவை அனுப்பாதீர்கள். அத்தானையும் அனுப்பாதீர்கள். நீங்கள் போங்கள்.

டிசம்பர் இருபதுக்கு எனக்கு லீவு கிடைத்திருக்கிறது. தோசிந்தா நேற்று வந்தாள். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "நானும் வர்றேன், பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். யாரைப் பார்த்துவிட்டு என்று நான் கேட்கவில்லை.

நான் வருவதை அவனிடம் சொல்லாதீர்கள்.

லெயாந்த்ரோ


காஸ்த்ரோவேரா
17 நவம்பர் 1968

அன்புத் தம்பி,

உன் கை வீக்கம் வடிந்திருக்க வேண்டும். உப்புப் போட்ட வெந்நீரில் வைத்துக்கொள். அண்ணன் வீட்டில் இருக்கிறான். இளைத்திருக்கிறான், மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தத் தடவை இதை நீ நம்பலாம்.

போன செவ்வாய்க்கிழமை போனேன். சகோதரி அம்பாரோ சின்ன உருவம், வயதானவர். என்னைக் கூடத்தில் உட்காரவைத்து, "இத்தனை மாசமா எங்கம்மா இருந்தீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஊர்லதான் இருந்தேன்" என்றேன். தலையாட்டிவிட்டு அவனை அழைத்துவரப் போனார்.

சலவைக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தானாம். கை ஈரத்தோடு வந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டான். திட்டுவானோ, அழுவானோ, என்னைத் தெரியாததுபோல இருப்பானோ என்று நான் நினைத்ததெல்லாம் ஒன்று. அவன் கேட்டது வேறு. கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"பெரிய மனுஷங்க போயிட்டாங்களா, பசிலி?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, லெயாந்த்ரோ.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். லெயாந்த்ரோ வரலைன்னும் தெரியும். தலை வாரும்போது நீ என் முகத்தையே பாக்கலை."

"பின்ன ஏன்டா ரயில்ல ஏறினே?"

"விடிஞ்சும் லாரி வரலை. அவங்க இன்னும் போகலைன்னு நெனச்சேன். நிலையம் கிட்டத்துல இருக்கு, யாராவது பாத்துடுவாங்க. இன்னும் தூரமாப் போனா நல்லதுன்னு ஏறினேன்." பிறகு பெருமையாக, பள்ளிப் பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னான்: "ஊர் பேரை ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. அடிச்சுக் கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

பிறகு கேட்டான்: "ஜெயிச்சுட்டோமா?"

"ஜெயிச்சுட்டோம்" என்றேன். கை தட்டினான். சகோதரி அம்பாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேருந்தில் வரும்போது மன்னித்துவிடு என்று சொல்லலாம் என்று நாலைந்து தடவை தொடங்கினேன். அவன் ஜன்னலில் கழுதைகளை எண்ணிக்கொண்டிருந்தான். என்ன மன்னிக்க வேண்டும் என்று கேட்டுவிடுவானோ என்று விட்டுவிட்டேன். ஊர் வாசலில் இறங்கியதும் நேரே நடக்காமல், மதிலுக்கு வெளியே சாணக்குவியல் பக்கமாகச் சுற்றிப் பின்வாசல் வழியே வீட்டுக்குள் போனான். யாரும் சொல்லித் தரவில்லை.

உன் அத்தான் அவனைப் பார்த்ததும் கையிலிருந்த தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நின்றார். "வா கிரினோ, சாப்பிடு" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. மறுநாள் காலை சதுக்கத்தில் வளைவுக்கடியில் அவரே ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். அண்ணன் அதில் போய் உட்காருகிறான். காசில்தா அவனுக்குச் சுட்ட கஷ்கொட்டை கொண்டுவந்து தருகிறாள்.

ஆனால் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வண்டிச் சத்தம் கேட்டால் அவன் எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறான். முன்பெல்லாம் கை தட்டுவானே, அந்த மனிதன். சாலைக்கு இன்னும் தார் போடவில்லை, அதற்குள்ளேயே ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கார் வருகிறது. கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். "இருடா, உட்காரு" என்று சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் பசிலி, படம் கெட்டுடும்" என்கிறான்.

இன்று காலை பூசை முடிந்ததும் நானும் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அவன் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு கார் தெருமுனையில் திரும்பியது. அவன் எழுந்தான். நான் விடவில்லை. அவன் கை துடித்தது, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு பிடுங்கிக்கொண்டான். குனிந்தபடி ஓடினான். காரிலிருந்து இறங்கிய ஒரு பெண், மாத்ரீத்காரி, நல்ல மாதிரி, என்னிடம் கேட்டாள்: "ஏங்க, அந்தப் பெரியவர் ஏன் அப்படி ஓடறார்? நாங்க ஏதாவது தப்பு செஞ்சிட்டோமா?"

"இல்லைங்க. அவன் என் அண்ணன். உங்களை மாதிரி வர்றவங்க கண்ணுல பட வேண்டாம்னு அவனை ஓட வச்சது நான்."

சத்தமாகவே சொன்னேன். பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் நின்று கேட்டார்கள். உன் அத்தான் கேட்டார், தோன் அபுந்தியோ சாமி கேட்டார். அந்தப் பெண் கையேட்டை மூடிக்கொண்டாள்.

அவன் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

குளிர் அதிகம், வரும்போது கனமான உடை எடுத்துக்கொண்டு வா. தோசிந்தாவுக்கும் சொல்.

உன் அக்கா,
பசிலிசா